அவள் சொன்ன உடன்பாடு

அவள் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நான் சொல்லப்போவதெல்லாம் இதில்தான் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். சிரிக்க வேண்டிய பேச்சையும் அழ வேண்டிய பேச்சையும் அவள் ஒரே முகத்தோடு பேசுவாள். கொஞ்சம் பெரிய கண். எதிரில் இருப்பவரை இமைக்காமல் பார்ப்பாள். கிண்டல் செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியாமல் இறால் வாங்க வரும் வியாபாரிகளே தடுமாறிப் போவார்கள்.

எங்கள் குப்பத்தில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. நடுவில் ஓலைத் தட்டி ஒன்றுதான். பேர் சொல்ல மாட்டேன். தன் பேரை நான் எடுத்தேன் என்று தெரிந்தால் நேரில் வந்து, அதே முகத்தோடு, ஏன் என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். எனக்குப் பதில் வராது. யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டவள் இல்லை நான். அவள் ஒருத்தியிடம்தான் அப்படி.

பழவேற்காடு மார்க்கெட்டில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கூடை வைத்து உட்காருவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒருமுறை கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், இவள் கூடையில் இருந்த இரண்டு நண்டுகளைக் காட்டி, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். வேறு எவளாக இருந்தாலும் சதை, ருசி என்று ஏதாவது சொல்லித் தள்ளிவிடப் பார்ப்பாள். இவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“வேறுபடுத்தணுமா, ஒப்பிடணுமா?”

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது.

“வேறுபடுத்தணும்னா இது ஆணு, அது பொண்ணு. ஒப்பிடணும்னா ரெண்டுமே கடிக்கும்.”

கார்க்கார அம்மாள் சிரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கிப் போனாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவள் என் பக்கம் திரும்பி, “சரியாத்தானேக்கா சொன்னேன்? டீச்சர் அப்படித்தானே சொல்லிச்சு?” என்றாள். என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பட்டணத்துக்காரியைக் கேலி செய்தாள் என்று நான் நினைத்தால், இவள் பாடத்தை ஒப்பித்திருக்கிறாள். இல்லை, இப்போது என்னைத்தான் கேலி செய்கிறாளா? அவளோடு பேசுவது எப்போதும் இப்படித்தான். படி இருக்கும் என்று காலை இறக்கினால் தரை இருக்கும். தரை என்று வைத்தால் படி இருக்கும்.

டீச்சர் என்று அவள் சொன்னது, பொன்னேரியிலிருந்து எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை. கல்யாணம்கூட ஆகவில்லை. பகலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டதும், எட்டாவது பரீட்சையைத் தனியாக எழுத நினைக்கும் பெண்களுக்கு வகுப்பு எடுத்தாள். முதலில் நிறையப் பேர் போனார்கள். அப்புறம் வலை வேலை, கருவாட்டு வேலை என்று ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். இவள் நிற்கவில்லை.

அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தான். பிள்ளை இல்லை. சின்ன வயதில் அஞ்சாவது வரைக்கும் படித்திருந்தாள். பொன்னேரியில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றில் சமையலுக்கு ஆள் வேண்டியிருக்கும், எட்டாவது தேறினால் நான் சொல்லிவைக்கிறேன் என்று டீச்சர் அவளிடம் சொன்னாளாம். அதற்காகத்தான் படிக்கிறாள் என்று ஊர் பேசியது. அவளைக் கேட்டால், “எழுத்துக்கூட்டிப் படிச்சுடுவேன்க்கா. படிச்சது இன்னான்னுதான் தெரியல. அத்தத் தெரிஞ்சுக்கப் போறேன்” என்பாள்.

நான் துணைக்குப் போனேன். எனக்குப் பரீட்சை தேவையில்லை. என் வயதுப் பெண்களில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் எங்கள் குப்பத்தில் நான் ஒருத்திதான். பஸ் பலகை படிப்பேன், கல்யாணப் பத்திரிகை படிப்பேன். போதும். ஆனால் துணைக்குப் போனவளுக்கும் காது உண்டே. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

முதல் நாளே டீச்சர் சொன்னாள், கேள்வித்தாளின் பாஷையே வேறு என்று. விடை தெரிந்தவர்களே கேள்வி புரியாமல் சைபர் வாங்குகிறார்களாம். வரையறு, வேறுபடுத்து, ஒப்பிடு, சுருக்கி வரை, காரணம் கூறு, இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலையைச் செய்யச் சொல்கிறதாம். புரிகிற மாதிரி கேட்டால் கேட்கிறவன் வாய் வலிக்குமா என்று நான் கேட்டேன். டீச்சர் சிரித்தாள். பெரிய சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பிரித்துப் பாருங்கள், உள்ளே உங்களுக்குத் தெரிந்த சொல் ஒன்று இருக்கும் என்றாள்.

அந்த யோசனையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வரையறு என்ற சொல்லைப் பிரித்துவிட்டு, “எது வரைக்கும் அறுக்கணும் டீச்சர்?” என்று கேட்டாள். அப்படியில்லை, ஒரு பொருள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சொல்வதுதான் வரையறுப்பது என்று டீச்சர் விளக்கினாள். இவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் வீட்டில் மீன் கழுவும்போது, தலை எது வரைக்கும், வால் எதிலிருந்து என்று அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டி வழியாகப் பார்த்தேன். என்னடி என்று கேட்டதற்கு, “வரையறுக்கிறேன்க்கா” என்றாள்.

ஆனால் பெரிய குழப்பம் பாட்டில்தான் வந்தது. பாட்டு இல்லை, பாடு.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. கடல்தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து போகும். அந்த ஓட்டத்தில்தான் இறால் வரும். அங்கே கம்பு நட்டு வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். ஆகவே ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு அவனுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கும் பாடு என்றுதான் பேர், அந்த முறைக்கும் பாடு என்றுதான் பேர். எங்கள் வீடுகளில் உலை கொதிப்பது பாட்டை நம்பித்தான். ‘இன்னிக்கு யாரு பாடு’ என்று கேட்காத நாள் கிடையாது.

புத்தகத்தைத் திறந்தால் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிறது. வேறுபாடு, பயன்பாடு, குறைபாடு, கோட்பாடு. டீச்சர் கரும்பலகையில் எழுத எழுத இவள் கண் அகலமாகிக்கொண்டே போனது. “நம்ம ஏரியப் பத்தி இவ்ளோ எழுதிக்கீறாங்களாக்கா” என்று என் காதில் சொன்னாள். எனக்கும் ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் டீச்சர் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லச் சொல்ல, ஏரி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிற்று. இவள் விடவில்லை. குறைபாடு என்றால் இறால் கம்மியாக விழுகிற பாடு என்றாள். வேறுபாடு என்றால் வேறொருத்தர் பாடு, அதில் நாம் வலை வைக்கக் கூடாது என்றாள். டீச்சர் முதலில் திருத்தினாள். அப்புறம் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

பண்பாடு என்றால் என்ன, சொந்த நடையில் எழுதுங்கள் என்று ஒருநாள் சொன்னாள் டீச்சர். இவள் எழுதிக்கொண்டுபோய் நீட்டினாள். டீச்சர் படித்தாள், மறுபடி படித்தாள், பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சத்தமாகப் படித்துக் காட்டினாள். ‘எங்கள் ஊருக்குப் பண்பாடு கிடையாது. பக்கத்துக் குப்பத்துக்குத்தான் இருக்கிறது. அதைக் கேட்கப் போய்த்தான் சண்டை வந்தது.’

முகத்துவாரத்துக்கு வடக்கே எங்களுக்கு முறை இல்லாத ஒரு பாடு உண்டு. அதற்குத்தான் இந்தப் பேர் என்று நினைத்துவிட்டாள் என்று நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாரம்தான் எங்கள் ஊர் ஆண்கள் பக்கத்துக் குப்பத்துக்குப் போய் வாயில் வரக்கூடாததெல்லாம் பேசிவிட்டு வந்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். “தப்பா டீச்சர்?” என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அதே முகம்.

இன்னொரு நாள் உடன்பாடு, எதிர்மறை என்று பாடம். அவள் வந்தாள் என்றால் உடன்பாடு. அவள் வரவில்லை என்றால் எதிர்மறை. இவள் கை தூக்கினாள்.

“உடன்பாடுனா கூட்டுப் பாடா டீச்சர்? ரெண்டு பேரு சேந்து ஒரே எடத்துல கட்றது?”

“இல்லம்மா. ஒத்துக்கிறது. சம்மதம்.”

“கூட்டா கட்டணும்னாலும் ரெண்டு பேரும் ஒத்துக்கணுமே.”

டீச்சருக்கு அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஏதோ ஒன்று, பரீட்சையில் சம்மதம் என்று எழுதினால் போதும் என்று முடித்துவிட்டாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாள். பொருள் மாறாமல் எதிர்மறையாக மாற்ற வேண்டுமாம். அவள் வந்தாள் என்பதை, அவள் வராமல் இல்லை என்று எழுத வேண்டுமாம். ஆமாம் என்பதை இல்லை என்று சொல்லி, அதற்குள்ளே ஆமாம் இருக்க வேண்டுமாம். எனக்குத் தலை சுற்றியது. இவளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று முதல் தட்டிக்கு அந்தப் பக்கம் எல்லாம் அப்படியே நடந்தது. சோறு வேகாமல் இல்லை. பால்காரர் வராமல் இல்லை. ஒரு சாயங்காலம் கருகல் வாசனை அடித்தது. மீன் கருகுகிறதாடி என்று கத்தினேன். “கருகாம இல்லக்கா” என்று பதில் வந்தது. சரி, கருகவில்லை போலிருக்கிறது என்று நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். சட்டியே தீய்ந்துபோயிற்று.

இதைச் சொன்னால் சிரிப்பாக இருக்கும். ஆனால் புருஷனுக்கு வருஷம் திரும்பிய அன்று, அவன் பக்கத்துக் கிழவி ஒருத்தி எல்லார் முன்னாலும் இவளை நிற்கவைத்து, “அவன் செத்த அன்னிக்கு உன் கண்ணுல தண்ணிய நான் பாக்கலையே. நீ அவனுக்காக அழுதியாடி?” என்று கேட்டாள். இவள் சொன்னாள், “அழாம இல்ல.” கிழவியின் காதில் இல்லை என்பது மட்டும் விழுந்தது. புருஷனுக்காக அழவில்லை என்று அவளே வாயால் ஒத்துக்கொண்டாள் என்று குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். அவள் சொன்னதன் அர்த்தம் வேறு என்று நான் வீடு வீடாகச் சொல்லி அலுத்துப்போனேன். இவளிடம், நேராக அழுதேன் என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். “அப்படிச் சொன்னா கம்மியா இருக்குதுக்கா” என்றாள். இன்றைக்கும் அந்தப் பதிலை நான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

வருஷம் திரும்பியதும் பாட்டின் பேச்சு வந்தது.

எங்கள் ஊரில் பாடுகள் இத்தனை என்று ஒரு கணக்கு. அது கூடாது. புதிதாகக் கல்யாணமானவன் பேர் ஏற வேண்டுமென்றால் பழைய பேர் ஒன்று இறங்க வேண்டும். செத்தவனுக்கு மகன் இருந்தால் மகனுக்குப் போகும். பிள்ளையே இல்லாத வீட்டுக்கு என்ன செய்வது என்று நேராக ஒரு சட்டம் கிடையாது, பெரியவர்கள் கூடி அந்தந்த நேரத்துக்குச் சொல்வதுதான். ஒரு வருஷம் வரை இவள் புருஷன் பேரை எடுக்கவில்லை. அவன் அண்ணன் வலை கட்டி, விழுந்ததில் பாதியை இவளுக்குக் கொடுத்துவந்தான். இப்போது அண்ணன் மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தம்பியின் பாட்டை மகன் பேருக்கு மாற்றித்தரச் சொல்லி அண்ணன் கேட்டுவிட்டான்.

பாடு போனால் அவளுக்கு எங்கள் ஊரில் பிழைப்பு இல்லை. கூடையில் வைக்க மீன் இருக்காது. விடுதி வேலை கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் பரீட்சை எழுதி முடித்திருந்தாளே தவிர முடிவு வரவில்லை. வெளியே சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பாடு கிடையாது என்றும் ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன பையன்களெல்லாம் அப்படித்தான் பாட்டை விட்டுப் போனார்கள். ஆக, ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை. எது வேண்டும் என்று இவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனுடைய வலையைத் தினமும் எடுத்து வைத்துக் கிழிசல் பார்த்தாள். அதே சமயம், ரேஷன் கார்டைப் பொன்னேரிக்கு மாற்ற யாரைப் பார்க்க வேண்டும் என்று டீச்சரைக் கேட்டதும் என் காதில் விழுந்தது.

அம்மன் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்போம், பேச மாட்டோம். அன்றைக்கு இவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் தூண் வரைக்கும் போனேன்.

ஊர்த் தலைவர் நல்ல மனுஷர். தணிந்த குரலில்தான் கேட்டார். “உன் மூத்தாரு அந்தப் பாட்டத் தம் மவனுக்குக் கேக்குறாரு. நீ இன்னாம்மா சொல்றே?”

இவள் அவரை இமைக்காமல் பார்த்தாள். பிறகு, பாடம் படிக்கிற குரலில், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

“எனக்கு உடன்பாடு.”

சின்னப் பையன்கள் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒத்துக்கொண்டாள், பேரை எழுதுங்கள் என்றார். பின்னாலிருந்து ஒரு கிழவர், “எங்க ஒத்துக்கினா? உடன் பாடுங்குறா. கூடப் பாடு. கூட்டுக்குல்ல கேக்குறா” என்றார். அவ்வளவுதான். பாதிப் பேர் சம்மதம் என்றார்கள், பாதிப் பேர் கூட்டு என்றார்கள். பள்ளிக்கூடம் போனவர்கள் ஒரு பக்கம், போகாதவர்கள் ஒரு பக்கம் என்றும் பிரிக்க முடியவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்துத் திரும்பி வந்த ஒருவன், பட்டம் படித்தவன், அவனும் கூட்டுதான் என்றான்.

தலைவர் கை காட்டி எல்லாரையும் அடக்கினார். விட்டுத் தருகிறாயா, கூட்டுக்குக் கேட்கிறாயா, நீயே தெளிவாகச் சொல்லிவிடு என்றார். இவள், “சொல்லிட்டேனே மாமா” என்றாள். 

அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். “அண்ணி, நீங்கதானே அதுகூடப் படிக்கப் போனீங்க. அந்தச் சொல்லுக்கு இன்னா அர்த்தம்?”

என் ஆயுசில் அந்த மண்டபத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல். நான் அவளைப் பார்த்தேன். புருவம் அசைந்தால் போதும், ஒரு விரல் அசைந்தால் போதும், புரிந்துகொள்வேன். அவள் என்னையும் மற்றவர்களைப் பார்ப்பது போலவேதான் பார்த்தாள். டீச்சர் சொன்ன அர்த்தம் எனக்குத் தெரியும். இவள் சொன்ன அர்த்தமும் தெரியும். சோற்றை விட்டுக்கொடுக்கிறவள் இருப்பாளா என்று நினைத்தேன். நிமிர்ந்து சொன்னேன்.

“கூட்டுக்குக் கேக்குறா.”

தலைவர் யோசித்தார். அம்மன் வாசலில் நின்று கேட்கிறவளை இல்லை என்று அனுப்ப அவருக்கு மனசு இல்லை. மூத்தார் மகன் வலை கட்டட்டும், விழுவதில் சரிபாதி இவளுக்கு, இவள் ஊரில் இருக்கும்வரை என்று முடித்தார். மூத்தார் முகம் சுண்டிப்போயிற்று, ஆனால் மறுத்துப் பேசவில்லை.

ஏரிக்கரையோடு இருவரும் நடந்து வந்தோம். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். நன்றி சொல்ல வேண்டாம், ஒரு பெருமூச்சாவது விடலாம். வீடு நெருங்கியபோதுதான் பேசினாள்.

“வேறுபாடு தெரிஞ்சு சொன்னியாக்கா, தெரியாம சொன்னியா?”

எனக்குச் சுருக்கென்றது. “நீ இன்னா நெனச்சிச் சொன்னே, அத்த மொதல்ல சொல்லுடி.”

“நான் சொன்னத நெனச்சித்தான் சொன்னேன்.”

அப்புறம் தன் வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாளே நான் டீச்சரிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, எது சரியான அர்த்தம் என்று கேட்டேன். டீச்சர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அகராதியில் சம்மதம்தான் என்றாள். பிறகு, ஆனால் இந்த ஊரில் பாட்டைப் பற்றிக் கேட்டபோது சொல்லியிருக்கிறாளே என்று இழுத்தாள். பிரித்துப் படிக்கச் சொன்னது நான்தானே என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, கொண்டுபோன கேள்வியோடு அப்படியே திரும்பி வந்தேன்.

கொஞ்ச நாளில் பரீட்சை முடிவு வந்தது. இவள் தேறிவிட்டாள். டீச்சர் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்து வாசல் தட்டியைத் தள்ளிக்கொண்டு சொன்னாள். விடுதியிலும் கேட்டுவிட்டாளாம், உடனே வந்து சேரச் சொல்கிறார்களாம். இவள் முறத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அன்று இவளுக்கும் மூத்தார் மகனுக்கும் பாடு. கை நிறுத்தாமல், “எனக்குத்தான் பாடு கீதே டீச்சர்” என்றாள்.

சந்தோஷமாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா? நான் பக்கத்தில்தான் இருந்தேன், காது நன்றாகக் கேட்கும் எனக்கு, ஆனாலும் தெரியவில்லை. டீச்சர் தட்டியைச் சாத்திவிட்டுப் போனாள். அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று.

முதல் வருஷம் ஏரி வாரிக் கொடுத்தது. பாடு வரும் நாளில் இவள் தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு கரையில் நிற்பாள். மூத்தார் மகன் படகை இழுத்துப்போட்டதும் பாதியைத் தன் கூடையில் வாங்கிக்கொள்வாள். அவன் சரியாகப் பிரித்தானா என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. கூரை ஓலையை எடுத்துவிட்டு ஷீட் போட்டாள். மழைக்கு ஒழுகாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு, “நல்லாக் கீதுக்கா” என்று தானாக ஒருமுறை சொன்னாள். அப்போது நான் நினைத்தேன், நான் சொன்னதுதான் சரி என்று.

அடுத்த வருஷம் முகத்துவாரத்தை மண் அடைத்துக்கொண்டது. கடல்தண்ணீர் உள்ளே வரவில்லை. ஏரி அசையாமல் கிடந்தது. வலையை எடுத்தால் பாசிதான். ஒன்றுமில்லாததில் சரிபாதி எவ்வளவோ அவ்வளவு கிடைத்தது இவளுக்கு. அவள் அப்போதும் வெளுத்த புடவையோடு வந்து நின்றாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒருநாள் காலையில் புருஷனுடைய வலையைச் சுருட்டி மூத்தார் மகன் வாசலில் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வராமல் இருக்க மாட்டேன் என்றாள். அதற்கு வருவாள் என்று அர்த்தமா என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்பதற்குள் ஆட்டோ போய்விட்டது.

பிறகு அவள் வரவில்லை.

போன வருஷம் முதியோர் பணத்துக்காகப் பொன்னேரி தாலுக்கா ஆபீசுக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து, ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். தலை நரைத்திருந்தது. அங்கேதான் காய் நறுக்குகிறாள், மாவு ஆட்டுகிறாள், பின்னாலேயே தங்கிக்கொள்கிறாள். விடுதியில் மறுபடி ஆள் எடுக்கவில்லையா என்று கேட்டேன். எடுத்தார்கள், இப்போது பத்தாவது கேட்கிறார்கள் என்றாள். என்னை உட்காரவைத்து இலை போட்டாள். பரிமாறும்போது, முதலாளி எழுதிப் போட்ட பலகையில் எழுத்துப் பிழை இருப்பதாக என்னிடம் குனிந்து சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

பஸ் நிலையம் வரை கூட வந்தாள். பஸ் புறப்பட நேரம் இருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், அவள் கீழே நின்றாள். இத்தனை வருஷம் எனக்குள் கிடந்ததை இனியும் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது. எனக்கும் வயதாகிறது.

“இப்பவாவது சொல்லுடி. அன்னிக்கு மண்டபத்துல உடன்பாடுன்னியே. விட்டுத் தரேன்னு சொன்னியா, கூட்டுக்குக் கேட்டியா?”

அவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பெரிய கண் மட்டும் மாறவே இல்லை.

“நீ இன்னா சொன்னியோ அதான் அர்த்தமாப் போச்சேக்கா.”

போச்சே என்கிறாள். அதில் நிம்மதி இருந்ததா, ஏக்கம் இருந்ததா? அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. டிரைவர் ஏறிவிட்டார், வண்டி உறுமியது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

“நல்லதாப் போச்சா, கெட்டதாப் போச்சா? அத்தச் சொல்லு.”

“அதுக்கு எத்தினி மார்க்குக்கா?”

சிரிக்காமல்தான் கேட்டாள். பரீட்சை மேஜையில் உட்கார்ந்திருப்பவள் கேட்பது போல, பதில் தெரிந்தால் உடனே எழுத ஆரம்பித்துவிடுவாள் போலக் கேட்டாள். இரண்டு மார்க் என்றால் ஒரு வரி சொல்வாள். பத்து மார்க் என்றால் காரணங்களோடு சொல்வாள். நான் எண்ணைச் சொல்லவேண்டியதுதான் பாக்கி.  எவ்வளவு என்று நான் எப்படிச் சொல்வது?

பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னலோடு கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நான் சொல்வேன் என்று.